தோட்டை அடகு வைக்கும் முன் லேப்டாப்பைத் திறந்து பாருங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். கல்லூரி சேர்க்கை நேரம் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன வாரம் போன் செய்தாள். பெயர் வேண்டாம், அவளும் இதைப் படிப்பாள். "டீச்சர், மக காலேஜ் சேர்றா. வீட்டுல இருக்கிற லேப்டாப் ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகுது. கடையில காட்டுனா இது தேறாது, புதுசுதான் வாங்கணும்கிறாங்க. தோட்டை வச்சு வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றாள். அந்த லேப்டாப் 2019இல் வாங்கியது. எட்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டு நன்றாக இருக்கிறது. ஏழு வருடம்கூட ஓடாத பொருளைத் தேறாது என்று சொல்ல எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை.

என் கருத்து இதுதான். இப்படிப்பட்ட கணினிக்கு முதல் செலவு புதுக் கணினி அல்ல, எஸ்.எஸ்.டி.

ஏன் என்பதற்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். லேப்டாப்பில் வரும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். விநாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லி விநாடி. தேடும் தகவல் தலைக்கு அடியில் வர, சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும். அதற்கு முன் அந்தத் தலை சரியான இடத்துக்கு நகர வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொரு தேடலுக்கும் 15 மில்லி விநாடி போல ஆகிவிடுகிறது. அப்படியானால் விநாடிக்கு அறுபது, எழுபது தேடல்தான். விண்டோஸ் எழுந்து நிற்க ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. பென் டிரைவ் போல எல்லாம் சில்லுகள். ஒரு தேடலுக்கு ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

வகுப்பில் 40 நோட்டும் வரிசை எண்படி அடுக்கி இருந்தால் மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றுவது நொடி வேலை. கலைந்து கிடந்தால் திருத்துவதைவிடத் தேடுவதற்கு அதிக நேரம் போகும். (லீடர்களாக இருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும்.) ஹார்ட் டிஸ்க்கின் பாடு அதுதான். அதனால்தான் பெரிய சினிமா ஒன்றைக் காப்பி செய்யும்போது அது ஓரளவு வேகமாகத் தெரியும், கணினியை ஆன் செய்யும்போது மட்டும் படுத்துவிடும்.

உங்கள் கணினிக்கு இதுதான் நோயா என்று நீங்களே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் என்ற இடத்தில் எந்நேரமும் 100 சதவீதம் நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் முட்டுக்கட்டை. மெமரி என்ற இடம் 90ஐத் தாண்டி நின்றால் ராமும் போதவில்லை. அவளுடைய லேப்டாப்பில் இரண்டும் இருந்தது. என் அண்ணன் மகன் அதைத் திறந்து, 512 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றும் கூடுதல் ராமும் போட்டுக் கொடுத்தான். இப்போது அரை நிமிடத்துக்குள் ஆன் ஆகிறது. தோடு காதிலேயே இருக்கிறது. விலையை நான் எழுதவில்லை, மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது. இரண்டு கடையில் கேளுங்கள்.

எல்லோருக்கும் இது மருந்தல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்டர்நெட் மெதுவாக இருந்தால் எஸ்.எஸ்.டி. ஒன்றும் செய்யாது. சில விலை குறைந்த லேப்டாப்புகளில் சேமிப்புச் சில்லு போர்டிலேயே பற்றவைத்து வரும், அதைக் கழற்றி மாற்ற முடியாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். அதைவிடப் பழையதில் எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் வரும், விண்டோஸ் 11 வராது. அந்த மாதிரி கணினிக்கு லினக்ஸ் மின்ட் போடுங்கள். இலவசம், தமிழ் தட்டச்சும் உண்டு. 2011இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த லேப்டாப்பை இன்னும் பீரோவுக்கு மேல் வைத்திருப்பவர்கள் உங்களில் பலர். அதற்கு நிறையச் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். கடிதம் எழுதவும் பாட்டுக் கேட்கவும் போதும் என்றால் மட்டும், இருப்பதில் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்று போடலாம். படிக்கிற பிள்ளைக்கு அது பற்றாது.

இனி முக்கியமான விஷயம், இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். கடைக்காரர் பழைய ஹார்ட் டிஸ்க்கை "நாங்களே வச்சுக்கிறோம், விலையில கழிச்சிடலாம்" என்றால் கொடுக்காதீர்கள். உங்கள் ஆதார் நகல், வங்கிக் கணக்கு, வீட்டு விசேஷப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அழித்துவிட்டோம் என்று சொன்னாலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மீட்டெடுக்க முடியும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, யுஎஸ்பி உறை ஒன்று வாங்கிப் போட்டால் பேக்கப்புக்கு ஆகும். பேக்கப் அவசியம் வேண்டும். ஹார்ட் டிஸ்க் கெடும் முன் பல சமயம் கடகடவென்று சத்தம் போட்டுச் சொல்லும். எஸ்.எஸ்.டி. முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு நாள் நின்றுபோகலாம். அதில் அழித்த கோப்பை மீட்பதும் மிகக் கடினம். எங்கள் குடும்பத்தில் என் அம்மா பேசுகிற வீடியோ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்.

புதுக் கணினி வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீடியோ எடிட்டிங், கட்டட வரைபட மென்பொருள் என்று போகிற பிள்ளைகளுக்குப் புதிது தேவைப்படலாம். துறை என்ன, என்ன மென்பொருள் கேட்பார்கள் என்று கல்லூரியில் விசாரித்துவிட்டு முதல் செமஸ்டர் கழித்துக்கூட வாங்கலாம்.

சந்தேகம் இருப்பவர்கள் லேப்டாப்பின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் மாடல் பெயர் வருகிற பகுதியை மட்டும் படம் பிடித்துக் கமெண்டில் போடுங்கள், சீரியல் எண்ணை மறைத்துவிடுங்கள். நானும் அண்ணன் மகனும் பார்த்துப் பதில் சொல்கிறோம். இரவு 9 மணிக்கு மேல் மட்டும் போன் வேண்டாம், கண்ணுங்களா.