வார்டு தந்த கை

எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பிரிட்டனில் சிறப்பு மருத்துவப் பயிற்சிக்கு 2025இல் இருந்தவை சுமார் 10,000 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 30,000க்கும் மேல். இனி பிரிட்டனில் படித்தவர்களுக்கும் அங்கே அரசு மருத்துவச் சேவையில் நீண்ட காலம் இருந்தவர்களுக்கும் முன்னுரிமை என்று அந்த ஆண்டு ஜூலையில் அந்நாட்டு அரசின் பத்தாண்டுச் சுகாதாரத் திட்டம் சொன்னது. எந்த நாடும் தன் பிள்ளைகளைத்தான் முதலில் பார்க்கும், அதில் தப்பில்லை. ஆனால் வெளிநாட்டில் படித்தவர்களுக்கான ப்ளாப் தேர்வுக்குக் கட்டணம் வாங்கி, மான்செஸ்டர் வரை வரவழைத்துவிட்டு, அதன் பிறகா வரிசையின் கடைசிக்குப் போகச் சொல்வது? நகையை அடகு வைத்து வந்த பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

இப்படிப் பொருமிக்கொண்டிருந்தபோதுதான், பொது மருத்துவத்துக்கான பிரிட்டிஷ் தேர்வான எம்.ஆர்.சி.பி.யின் கடைசிக் கட்டமான பேசஸ் என்ற செய்முறைத் தேர்வுக்குத் தயாராகும் தம்பி ஒருவர் பயிற்சிக்காக வீட்டுக்கு வந்தார். மதுரைப் பக்கம் படித்தவர். எழுத்துத் தேர்வு இரண்டும் முடித்துவிட்டார். பேசஸில் நிஜ நோயாளி இருப்பார், கூடவே இரண்டு தேர்வாளர்கள். வயிற்றைப் பரிசோதிக்க ஆறு நிமிடம், கேள்விக்கு நான்கு. ஏழு திறன்களுக்குத் தனித்தனி மதிப்பெண். ஏழாவது, நோயாளிக்கு வலியோ சங்கடமோ நேராமல் பார்த்துக்கொள்வது. மற்ற ஆறிலும் கொடிகட்டிப் பறந்தாலும் இதில் கோட்டை விட்டால் தேர்ச்சி இல்லை.

நான்தான் நோயாளி, சோஃபாவில் படுத்தேன். அவர் கை வலது அடிவயிற்றில் தொடங்கியது. மூச்சை இழுக்கச் சொல்லி, ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இடது விலா எலும்பை நோக்கி ஏறியது. மண்ணீரலை இதைவிடச் சுத்தமாகத் தேட முடியாது. ஆனால் கண் முழுக்க விரலிலேயே இருந்தது. “முகத்தைப் பாருங்க தம்பி, வலிச்சா முகம்தான் முதல்ல சொல்லும்” என்றேன்.

நோயாளியைப் பரிசோதிக்கும் முறைகளைச் சொல்லும் ‘ஹட்சிசன்’ புத்தகத்தை எடுத்து வந்தேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குள்ள பற்று புதிதல்ல. ராபர்ட் ஹட்சிசனும் ஹாரி ரெய்னியும் 1897இல் எழுதியது. பதிப்பு மேல் பதிப்பாகத் திருத்தப்பட்டு இன்றும் நம் மாணவர்கள் கையில் இருக்கிறது. ஸ்கேன் வராத காலத்தில் கண்ணையும் கையையும் காதையும் பெரிதும் நம்பிப் பிறந்த நூல். நோயாளியின் கூச்சத்தையும் வலியையும் மதிக்காமல் உடல் எதையும் சொல்லாது என்பதை அதிலிருந்துதான் நான் கற்றேன். மருத்துவம் படிக்கும் எல்லோரும் அதை வரி வரியாகப் படிக்க வேண்டும், கோச்சிங் நோட்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் தம்பியின் கைக்கு அந்தப் பக்குவம் புத்தகத்தில் வந்ததல்ல. அவரே சொன்னார்: “எங்க யூனிட்ல வீங்கின மண்ணீரலோட ஒரு பெரியவர் இருந்தாருண்ணா. நாங்க கட்டில்கிட்ட போனாலே சட்டையைத் தூக்கிருவாரு. எனக்குப் பிடிபடலைன்னதும், ‘இன்னும் கொஞ்சம் மேல வைங்க தம்பி, அங்கதான் எல்லாரும் அமுக்குவாங்க’ன்னாரு.”

அவர் பெயர் தம்பிக்கு நினைவில்லை. ‘நல்ல ஸ்ப்ளீன் வந்திருக்கு’ என்று செய்தி பரவினால் ஒரு வகுப்பே திரண்டு வரும். தொடலாமா என்று கேட்பவர் அபூர்வம். பேசஸுக்கு வரும் நோயாளியை முன்பே கேட்டுச் சம்மதம் வாங்கித்தான் அழைக்கிறார்கள். வலித்தால் நிறுத்தச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. நம் அரசு மருத்துவமனை வார்டுகளிலோ, கேட்கப்படாமலே தன் வயிற்றைக் கொடுத்தவர்களால்தான் இத்தனை ஆயிரம் மருத்துவர்கள் உருவாகியிருக்கிறார்கள். அந்தக் கைகளுக்கு இன்று லண்டனில் கிராக்கி.

2019 முதல் ஏட்காம் என்ற பெயரில் நோயாளியிடம் பேசும் முறை எம்.பி.பி.எஸ். பாடத்தில் நுழைந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். எம்.டி. செய்முறைத் தேர்விலும், நோயாளியை நோகடித்தவர் மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் தேற முடியாது என்ற விதி வர வேண்டும். பயிற்சி இடம் யாருக்கு என்பதை பிரிட்டன் முடிவு செய்துகொள்ளட்டும். இந்த விதிக்குக் கிண்டியில் இருக்கும் மருத்துவப் பல்கலைக்கழகம் குரல் கொடுத்தால் ஆரம்பத்துக்குப் போதும்.