கட்டம் போட்ட சட்டை

"குரு ஏன் விசித்திரமாக உடுத்த வேண்டும்?" போர்ட் கிள்ளானில் ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. ஆரோனுக்கு 'விசித்திரமான உள்சட்டை' செய்யச் சொல்கிறது தமிழ் வேதாகமம் (யாத்திராகமம் 28:4). இன்று நமக்கு விசித்திரம் என்றால் வினோதம். அவள் சிரித்ததில் வியப்பில்லை.

ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்தபோது அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் வழக்கில் இருந்தது. சித்திர வேலைப்பாடு கொண்டது, பலவகையாய் அழகு செய்யப்பட்டது என்பதே அது.

மூலத்தில் உள்ள எபிரேயச் சொல் 'தஷ்பேத்ஸ்'. வேதாகமம் முழுவதிலும் ஒரே முறைதான் வருகிறது. அப்படிப்பட்ட சொல்லுக்குப் பொருள் காண அதன் உறவுகளை விசாரிக்க வேண்டும். அதே அதிகாரத்தில் மணிக்கற்களைப் பதிக்கும் பொன் குவளைகளுக்கு 'மிஷ்பெத்ஸோத்' என்று பெயர். இரண்டுக்கும் வேர் ஒன்றே. நகையில் அது கல் உட்காரும் குழி. துணியில் வரிசையான கட்டம். ஆகவே கட்டம் விழும்படி நெய்த சட்டை என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். இக்கால எபிரேயத்தில் தஷ்பேத்ஸ் என்றால் குறுக்கெழுத்துப் புதிர்!

28:39ஆம் வசனத்தைப் பாருங்கள். இடைக்கச்சைக்குத்தான் சித்திரத் தையல்; சட்டைக்கு நெசவு. தையலைப் பிரித்துவிடலாம். நெசவில் விழுந்த கட்டத்தைப் பிரித்தால் துணியே போய்விடும். குருவின் அழகு மேலே ஒட்டியதல்ல, இழையிலேயே இருப்பது என்று நான் அதைப் படிக்கிறேன்.

இதை விளக்கப் பெரிய அகராதி வேண்டாம். மலாய்க்காரர்கள் 'காயின் பெலெக்காட்' என்று சொல்லும் கட்டம் போட்ட கைலி போதும். சோழமண்டலக் கரையின் பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய துணி தன் ஊர்ப் பெயரையும் இங்கே கொண்டு வந்து சேர்த்தது. அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, கட்டம் எங்கே தைக்கப்பட்டிருக்கிறது என்று தேடச் சொல்லலாம்.

பழைய மொழிபெயர்ப்பை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லுக்குப் பொருள் சொல்லாமல் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னால், புரியாத பிள்ளை ஆங்கில வேதாகமத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு தமிழ் ஆராதனைக்கு வா என்று எத்தனை முறை அழைத்தாலும் அது விருந்தாளியாகத்தான் வந்து உட்காரும்.