பிள்ளையின் படிப்பும் சிகிச்சையின் ஒரு பகுதியே

சிறுநீரகப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் துணைக்கு வந்து அமர்ந்திருப்போரில் கல்லூரி மாணவர்கள், குறிப்பாக மாணவியர், சிலரேனும் எப்போதும் இருப்பர். மடியில் ஆய்வகக் குறிப்பேடு. கையில் தாயின் இரத்தப் பரிசோதனை முடிவு. அவர்களை ‘அட்டெண்டர்’ என்றே அழைத்துப் பழகிவிட்டோம். மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதால் எல்லா அறிவுரைகளையும் அவர்களிடமே கூறுகிறோம். ‘என்னம்மா படிக்கிறாய்?’ என்று மட்டும் கேட்பதில்லை.

அத்தவற்றின் விலையை ஒரு நவம்பர் மாதத்தில் உணர்ந்தோம். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் தாய் ஒருவர், மகளின் பருவத் தேர்வு நாளன்று சிகிச்சைக்கு வரவில்லை. மறுநாள் நள்ளிரவில் மூச்சுத் திணறலுடன் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. பொட்டாசியமோ இதயத் துடிப்பைக் குலைக்கும் அளவுக்கு உயர்ந்திருந்தது. உயிர் பிழைத்தார். “அவ பரீட்சை கெட்டுப் போகக் கூடாதுன்னு நான்தான் வரலைன்னு சொன்னேன், டாக்டர்” என்றார். மகளோ, பிழை தன்னுடையது என்று அழுதார். பிழை இருவரிடமும் இல்லை. தேர்வு அட்டவணையை நாங்கள் முன்னரே கேட்டிருந்தால், அன்றைய சிகிச்சையை மாலைக்கோ முந்தைய நாளுக்கோ மாற்றியிருப்போம்.

‘ஓராண்டு படிப்பை நிறுத்தி வைக்கலாமே’ என்று உறவினர் கூறுவதுண்டு. அதனை நாங்கள் ஏற்பதில்லை. முறிந்த எலும்பு சில மாதங்களில் கூடிவிடும். முற்றிய சிறுநீரகச் செயலிழப்புக்கோ, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்படும் வரை, பலருக்கு வாழ்நாள் முழுவதும், டயாலிசிஸ் தேவைப்படும். ஓராண்டு என்று நிறுத்திய படிப்பை மீண்டும் தொடங்க அந்நோய் இடம் கொடுப்பதில்லை. ‘மகன் படிக்கட்டும், மகள் பார்த்துக்கொள்ளட்டும்’ என்னும் ஏற்பாட்டையும் அடிக்கடி காண்கிறோம். தளர்ந்த தாயைக் கைபிடித்து அழைத்துச் செல்ல மகனாலும் இயலும்.

கணக்கிட்டுப் பாருங்கள். கல்லூரிகள் பலவற்றில் தேர்வெழுத 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். திங்கள், புதன், வெள்ளி காலைகளில் தாயுடன் வரும் மாணவி, ஐந்து நாள் கல்லூரி வாரத்தில் இரண்டு நாள்களே வகுப்பில் இருப்பார்; அது 40 விழுக்காடு. செவ்வாய், வியாழன், சனி என்று மாற்றினால் 60. அவற்றுள் செவ்வாய்க்கிழமையை மட்டும் மாமாவோ சித்தியோ ஏற்றுக்கொண்டால் 80. ஒரே ஓர் உறவினரின் ஒரு நாள் உதவி, ஒரு பிள்ளையைத் தேர்வு அறைக்குள் சேர்த்துவிடும்.

நான்கு மணி நேரமும் துணைவர் அருகிலேயே அமர்ந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. தொடக்க வாரங்களில் அது தேவை. உடல்நிலை சீரானபின், மருத்துவர் ஒப்புதலுடன், நோயாளியைச் செவிலியர் பொறுப்பில் விட்டுச் செல்லலாம். சிகிச்சை முடிந்ததும் இரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றக்கூடும்; வீடு திரும்பும் வேளையில்தான் துணை இன்றியமையாதது. தகுதியுள்ள சிலர், வயிற்றறை வழியே வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் முறையையும் எண்ணிப் பார்க்கலாம். அதனை இரவு உறக்கத்தின்போது கருவியின் துணையுடன் செய்துகொள்ளவும் வழி உண்டு.

மாணவர்களுக்கு ஒரு சொல். வருகைப்பதிவு குறைந்தபின் கல்லூரி முதல்வரிடம் நிற்பதைவிட, பருவத் தொடக்கத்திலேயே வகுப்பு ஆசிரியரிடம் நிலைமையைக் கூறிவிடுங்கள். தாய் அல்லது தந்தையின் சிகிச்சை நாள்களைக் குறிப்பிட்டுக் கடிதம் தருவது எங்கள் கடமை. அதனைக் கேட்கத் தயங்க வேண்டா.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளைக்காக ஒரு முறை டயாலிசிஸைத் தவிர்ப்பது தியாகம் போலத் தோன்றும். அது அப்பிள்ளையை வாழ்நாள் குற்ற உணர்வுக்கு ஆளாக்கிவிடலாம்.

அடுத்த முறை வரும்போது, பரிசோதனை முடிவுகள் உள்ள கோப்பிலேயே பிள்ளையின் தேர்வு அட்டவணையையும் வைத்துக் கொண்டுவாருங்கள். இரண்டையும் சேர்த்தே நாங்கள் படிப்போம்.