மீனைக் கண்காணிக்கிற பெட்டி

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு ஒருதரமாவது போகாத கொழும்புத் தமிழர் குறைவு. சைவமோ வேதமோ, செவ்வாய்க்கிழமை ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டுத்தான் வருவோம். அந்தக் கோயில் வந்த கதையே மீன்பிடிக்காரரின் கதைதான். ஒல்லாந்தர் காலத்தில் முகத்துவாரத்தில் கடல் கரையைத் தின்றுகொண்டு வர, அங்கிருந்த மீனவர்கள் ஒளிந்து திரிந்த அந்தோனியோ பாதிரியாரிடம் போய்க் கேட்டார்களாம். அவர் மணலில் சிலுவையை நட்டுச் செபிக்க, மூன்றாம் நாள் கடல் பின்வாங்கியதாம். நம்புவதும் விடுவதும் உங்கட விருப்பம்.

ஆனா மீன்பிடி என்று கதைக்க வெளிக்கிட்டால் நாங்கள் எல்லாரும் நேரா பாக்கு நீரிணைக்குப் போய்விடுகிறோம். இந்திய இழுவைப் படகுகள், 2017இல் வந்த இழுவைமடித் தடைச் சட்டம், அறுந்துபோன வலைகள். கதைக்க வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. அதுக்காக, கோயிலில் இருந்து த்ரீவீலில் எட்டிப்பார்க்கக் கூடிய முகத்துவாரம் துறைமுகத்தை விட்டுவிடலாமா? அங்கே கட்டிக்கிடக்கிற பலநாள் படகுகளைப் பற்றி எங்களில் எத்தனை பேர் ஒரு வரி எழுதியிருக்கிறோம்?

2014 ஒக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை அறிவித்தது. 2015 ஜனவரியில் அது அமுலுக்கு வந்தது. எங்கட படகுகள் ஆழ்கடலில் எங்கே நிற்கின்றன, என்ன பிடிக்கின்றன என்று அரசுக்கே சரியாத் தெரியவில்லை என்பதுதான் அவர்களின் குற்றச்சாட்டு. சூரையும் வாள்மீனும் குளிரூட்டி ஐரோப்பாவுக்கு அனுப்புகிறதில் அப்போது இலங்கைக்கு இரண்டாம் இடம். டொலர் போகுது என்றதும் எல்லாம் நடந்தது. 1,500 அளவிலான படகுகளுக்குச் செய்மதியோடு பேசுகிற பெட்டி பூட்டினார்கள், பதிவேடு கட்டாயமானது, தண்டப்பணம் ஏறியது. 2016 ஜூனில் தடை நீங்கியது. ஒன்றரை வருஷம்! எங்கட நாட்டில் ஒரு வேலை இவ்வளவு கெதியாக முடிந்ததை நாங்கள் அதிகம் கண்டதில்லை.

இப்ப மற்றப் பக்கத்தைப் பாருங்கள். 2011 நவம்பரில் தென்கரையில் திடீர்ப் புயல் அடித்து மீனவர்கள் செத்தார்கள். 2013 ஜூனில் மேற்கிலும் தெற்கிலும் அதே கதை, 50 பேரளவில் போனார்கள். இரண்டு தரமும் எச்சரிக்கை நேரத்துக்கு வரவில்லை என்ற அதே சண்டை. மீனுக்காகத் தடை போட ஐரோப்பா இருந்தது. செத்தவனுக்காக எங்கட மீனை வாங்க மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை.

2024 ஜூனில் டெவோன் 5 என்ற பலநாள் படகில், கடலில் மிதந்த போத்தல்களில் இருந்ததைச் சாராயம் என்று குடித்து 5 பேர் இறந்தார்கள். பேஸ்புக்கில் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கரையில் இருந்து 300 கடல் மைலுக்கு அப்பால், ஐந்தாறு பேர், ஒரு சின்னக் கபின், ஒரு மாசத்துக்கு மேல் அதே முகங்கள். வருத்தம் வந்தால் ரேடியோவில் கேட்கிற குரல்தான் டொக்டர்.

சம்பளமும் இல்லை, பங்குதான். மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாத்தையும் முதலில் கழிப்பார்கள். மிச்சத்தில்தான் முதலாளிக்குப் பாதி, ஆட்களுக்குப் பாதி. 2022 தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த டீசல் ஜூனில் 460 ஆனபோது, அந்த ஏற்றத்தில் பாதியைக் கட்டியது படகே சொந்தமில்லாத இந்தப் பெடியன்கள்தான். படகு வெறுமையாத் திரும்பினால் பங்கும் இல்லை. பிறகு புயல் வருது என்று கேள்விப்பட்டாலும் யார் உடனே திரும்புவான்?

பெட்டி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. படகு எங்கே நிற்குது என்று தெரிகிறதே, அந்தப் படகுக்குக் காற்று வருது என்று அவங்கட பாஷையில், தமிழிலும் சிங்களத்திலும், நேரத்துக்குச் சொல்ல ஏன் முடியாது? வெளிக்கிட முதல் பதிவேட்டையும் பெட்டியையும் பார்க்கிற அதே அதிகாரி, தலைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கா, ரேடியோ வேலை செய்யுதா, மருந்துப் பெட்டிக்குள் மருந்து இருக்கா என்றும் பார்க்கட்டும். ஒன்று குறைந்தாலும் படகு கரையிலேயே நிற்கட்டும்.