மிஸ்ஸைக் காணோம்

சிரம்பானில் ஏதாவது ஒரு பேரங்காடி சலூனுக்குள் போய், "ரிபோண்டிங் பண்ண என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே விலை சொல்ல மாட்டார்கள். கொண்டையை அவிழ்க்கச் சொல்வார்கள். நீளத்தைப் பார்த்து, அடர்த்தியைப் பிடித்துப் பார்த்து, அப்புறம்தான் வாயைத் திறப்பார்கள். இருநூற்றைம்பது வெள்ளி. முந்நூறு வெள்ளி. நம் வீட்டுப் பெண்களுக்கு இடுப்பு வரைக்கும் முடி. அம்மாக்கள் எண்ணெய் தடவித் தடவி வளர்த்த முடி. அந்த நீளத்துக்கே தனிக் காசு!

தோட்டத்தில் வேலை செய்கிற குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா? குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி ஆனதே 2025 பிப்ரவரியில்தான். மோட்டார் தவணை, பிள்ளைகளின் பஸ் காசு, மளிகைக்கடைப் பாக்கி எல்லாம் போக மிச்சம் என்ன நிற்கும்? இதில் ஒரு கல்யாணம் வந்துவிட்டால் முடி, ஃபேஷியல், புருவம், மேக்கப் என்று பொண்ணை அலங்கரிக்கிற செலவே ஆளைச் சாய்த்துவிடும். அப்போது "ஸ்டூடண்ட் பிரைஸ், 60 வெள்ளி, மாடல் தேவை" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போகத்தானே செய்வோம்? நாங்களும் போனோம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் கையில் குறைந்த விலைக்கு முடி வெட்டிக்கொள்வதிலோ, ஃபேஷியல் செய்துகொள்வதிலோ எந்தக் கேவலமும் இல்லை. கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு ஒரு தலை வேண்டும். பொம்மைத் தலையிலேயே காலம் முழுக்க வெட்டிக்கொண்டிருக்க முடியுமா? பொம்மைக்குச் சுழி கிடையாது, பொடுகு கிடையாது, "சுடுதும்மா" என்று சொல்ல வாயும் கிடையாது. நாம் தலையைக் கொடுக்கிறோம், அவர்கள் விலையைக் குறைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. உலகம் முழுக்க இருக்கிற ஏற்பாடு. லண்டனில் விடால் சாசூன் பெயரில் நடக்கிற பள்ளியில்கூட மாடல்களுக்குக் குறைந்த கட்டணம்தான்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் இருக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கிற ஆள். சொல்லிக்கொடுக்கிற ஆள். அந்த ஆள் எங்கே? என் ஆதங்கமெல்லாம் அதுதான்.

தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். பகாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோலப்பிலா வந்து, புக்கிட் பூத்துஸ் மலை ஏறி இறங்கி, சிரம்பான் வட்டாரத்தில் ஒரு பயிற்சி நிலையம். பெயர் வேண்டாம். உள்ளே ஏசி, பெரிய கண்ணாடிகள், சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். முன்மேசையில் ஒரு பாரத்தை நீட்டினார்கள். எது நடந்தாலும் நிலையம் பொறுப்பில்லை என்று மலாயில் எழுதியிருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால்தான் நாற்காலியில் உட்கார முடியும். முடியைப் பற்றி ஒரு கேள்வி? முன்னாடி கலர் போட்டிருக்கிறதா, மருந்து ஏதும் சாப்பிடுகிறாளா, தோலில் அலர்ஜி உண்டா? ஒன்றுமே கேட்கவில்லை.

எங்களுக்குக் கிடைத்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். ரந்தாவ் பக்கத்துத் தோட்டம். தாத்தா பால்மரம் வெட்டியவராம். ஒல்லியான கை, நகமெல்லாம் ஒட்ட வெட்டி, கருப்பு ஏப்ரன். நல்ல பிள்ளை. முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கிளிப் போட்டபோது கை நடுங்கியது.

"மிஸ் எங்கம்மா?" என்றேன்.

"ஆபீஸ்ல மீட்டிங் ஆண்ட்டி. வந்துருவாங்க."

வரவில்லை. கிரீம் பூசியாயிற்று. போனில் டைமர் வைத்துவிட்டு நின்றாள்.

ரிபோண்டிங் என்பது முடியை இஸ்திரி போடுகிற வேலை இல்லை. முதலில் பூசுகிற கிரீமில் தயோகிளைகோலேட் என்ற ரசாயனம் இருக்கும். முடிக்குள்ளே கந்தகக் கட்டுகள் இருக்கின்றன. சுருட்டை முடியைச் சுருட்டையாக வைத்திருப்பவை அவைதான். கிரீம் அந்தக் கட்டுகளை அறுக்கிறது. அப்புறம் கழுவி, காயவைத்து, சூட்டு இரும்பால் நேராக இழுத்து, கடைசியில் நியூட்ரலைசர். ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள அந்த மருந்துதான் அறுந்த கட்டுகளை நேரான நிலையில் மறுபடி பிணைக்கிறது. கிரீமை எத்தனை நிமிஷம் விடுவது? டப்பாவில் ஒரு கணக்கு இருக்கும். ஆனால் கலர் போட்ட முடிக்கு ஒரு கணக்கு, போடாத முடிக்கு ஒரு கணக்கு, வேருக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று. அதனால்தான் நடுநடுவே ஓர் இழையை எடுத்து, துடைத்து, இழுத்துப் பார்க்க வேண்டும். அனுபவப்பட்ட விரலுக்குத் தெரியும், போதுமா போதாதா என்று. இதைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. ஒருத்தர் பக்கத்தில் நின்று, "இங்க பாரு, இப்ப கழுவு" என்று சொல்ல வேண்டும்.

சொல்ல ஆள் இல்லை. தீபாவளிக்குக் கலர் போட்ட முடி அது. டைமர் அடிப்பதற்குள் தங்கச்சி மகளே, "பெரியம்மா, எரியுது" என்றாள். அந்தப் பெண் பதறிப்போய் உச்சியில் ஓர் இழையைப் பிடித்து இழுத்தாள். ஒட்டுப்பால் மாதிரி நீண்டது. நீண்டுகொண்டே போய் அறுந்தது. அவள் கையில் ஒரு சாண் முடி. கண்ணாடி வழியாக மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

அப்புறம்தான் மிஸ் வந்தார். என்ன சொன்னார் தெரியுமா? "உங்க முடி வீக். நீங்க எண்ணெய் நிறைய வைக்கிறீங்க." மன்னிப்பு இல்லை. பயிற்சிப் பெண்ணிடம் எங்கே தவறியது என்று ஒரு வார்த்தை விளக்கவில்லை. எண்பது வெள்ளிக்கு ஒரு சீரம் வாங்கச் சொன்னார். அறுபது வெள்ளி வேலைக்கு எண்பது வெள்ளி மருந்து! எண்ணெய் வைப்பதைக் குற்றமாக்கிவிட்டுப் போனாரே, அதுதான் இன்னும் நெஞ்சில் குத்துகிறது. தோட்டத்துத் தலை என்றால் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்ற நினைப்பு.

முடி கழுவுகிற இடத்தில் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். "டெமோ ஒரு தடவைதான் ஆண்ட்டி காட்டுனாங்க. பொம்மைத் தலைகூட மூணு பேருக்கு ஒண்ணு." படிப்புக்குக் கடன் வேறு எடுத்திருக்கிறாள். வேலைக்குப் போய்க் கட்ட வேண்டும். யார் வேலை கொடுப்பார்கள்? அவளிடம் எனக்குத் துளிக் கோபம் இல்லை. எங்கள் பெண்ணுக்குப் போனது முடி. அது வளர்ந்துவிடும். இவளுக்குப் போய்க்கொண்டிருப்பது காலம், காசு, கையில் வர வேண்டிய தொழில்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழ், எஸ்.கே.எம். என்கிறோமே, அது 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருவது. எஸ்.கே.எம். மூன்று நிலை, அதற்கு மேலே டிப்ளோமா, உயர் டிப்ளோமா. தொழிலுக்குத் தொழில் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று தரநிலை எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் மதிப்பீட்டு அதிகாரி ஒருவர், உள்ளுக்குள் சரிபார்க்க ஒருவர், வெளியிலிருந்து வந்து சரிபார்க்க இன்னொருவர். இத்தனை கண்கள்! ஆனால் அந்தக் கண்களுக்கு முன்னால் போவது கோப்பு. படம் ஒட்டி, கையெழுத்து வைத்து, அழகாகக் கட்டிய கோப்பு. படத்தில் முடி நேராக இருக்கும். மிஸ் அறையில் இருந்தாரா என்று எந்தப் படம் சொல்லும்?

இதே நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பிரிவில் மாணவர்கள்தான் நோயாளிகளுக்குப் பல் பார்க்கிறார்கள். விலை குறைவு, நேரம் அதிகம். மாணவர் பாட்டுக்கு டிரில் எடுக்க முடியாது. மேற்பார்வை மருத்துவர் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பல்லுக்கு ஒரு நியாயம், தலைக்கு ஒரு நியாயமா? தலையில் வைப்பதும் ரசாயனம்தானே? கருப்பு ஹேர் டையில் இருக்கிற பி.பி.டி. சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு அலர்ஜி தரும். 48 மணி நேரம் முன்னாடியே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிச் சோதிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். காலையில் வந்து மத்தியானம் கலர் போட்டுக்கொண்டு போகிற மாடலுக்கு யார் அந்தச் சோதனை செய்கிறார்கள்?

ஃபேஷியல் பக்கமும் எட்டிப் பார்த்தேன். லேபிள் இல்லாத வெள்ளை டப்பாவிலிருந்து கிரீம் எடுத்து ஒரு பெண்ணின் முகத்தில் தடவிக்கொண்டிருந்தார்கள். "கலர் வரும்" என்றார்கள். நம் நாட்டில் விற்கிற எந்த அழகுப் பொருளுக்கும் 'நோட்' என்று தொடங்குகிற அறிவிப்பு எண் இருக்க வேண்டும். பாதரசமும் ஹைட்ரோகுயினோனும் கலந்த கிரீம்களைச் சுகாதார அமைச்சு பெயர் சொல்லித் தடை செய்துகொண்டே இருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கலர் வருவது இருக்கட்டும், டப்பாவில் எண் எங்கே? மாநிறத்தை மாநிறமாகவே பளிச்சென்று காட்டுவது எப்படி என்று இந்தப் பிள்ளைகளுக்கு யார்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்?

எங்கள் தோட்டத்துக்குச் சம்பளம் போட்ட வாரம் சைக்கிளில் ஒரு பெரியவர் முடி வெட்ட வருவார். லயத்துக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் ஒரு மர நாற்காலி. கூடவே மகன். பையன் முதலில் கண்ணாடி பிடித்தான். அப்புறம் கழுத்தில் பவுடர் போட்டான். அப்புறம் கிளிப்பர் பிடித்தான். அவன் முதன்முதலாகக் கத்தரியை என் தம்பியின் காதோரம் கொண்டுபோனபோது அந்தப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு விரலை நீட்டித் தம்பியின் காதை மடக்கிப் பிடித்துக்கொண்டார். பையன் வெட்டி முடிக்கிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை. ஏசி இல்லை, சுவரில் சான்றிதழ் இல்லை. அங்கே இருந்தது இங்கே ஏன் இல்லை?

இதில் இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள், வயிறு எரியும். இந்திய முடிதிருத்தும் கடைகளுக்கு ஆளே கிடைக்கவில்லை என்று முதலாளிகள் பல வருஷமாகக் கதறுகிறார்கள். 2009-லிருந்து வெளிநாட்டு ஆள் எடுக்கத் தடை. முடிதிருத்தம், ஜவுளி, பொற்கொல்லர் ஆகிய மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 வெளிநாட்டவரை எடுக்கலாம் என்று 2023-ல் அப்போதைய மனிதவள அமைச்சர் வ. சிவகுமார் அறிவித்தார். வருகிறவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களும் பிழைக்கத்தான் வருகிறார்கள். நான் கேட்பது நடுவில் போன பதினான்கு வருஷத்தை. ஒரு பக்கம் கத்தரி பிடிக்க ஆளைத் தேடி அலைகிறார்கள். இன்னொரு பக்கம் அதே தொழிலுக்கு எஸ்.கே.எம். வாங்கிய நம் பிள்ளைகள் நீலாயில் பேரங்காடி கவுண்டரில் பார்கோடு தட்டிக்கொண்டிருக்கிறார்கள். சலூன்காரரைக் கேட்டால், "சர்ட்டிபிகேட் இருக்குங்க, கை வேலை வரல" என்கிறார். வராது. யார் சொல்லிக்கொடுத்தார்கள், வருவதற்கு?

எல்லா இடமும் இப்படித்தான் என்று பழி போட மாட்டேன். எங்கள் உறவிலேயே தம்பினில் ஒரு பெண் வீட்டு முன்னறையில் கடை வைத்து நன்றாக நடத்துகிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் வெட்டி முடித்த தலையை எல்லாம் ஒரு பக்கம் சீவிப் பார்த்து, மறுபக்கம் சீவிப் பார்த்து, சரியில்லை என்றால் மறுபடி வெட்டச் சொல்வாராம். மாடல் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாராம். இருந்துவிட்டுப் போகட்டுமே! குறைந்த விலைக்கு நாம் கொடுக்கிற மிச்சம் அந்த நேரம்தானே? எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். முடியை மட்டும் காவு கேட்காதீர்கள்.

ஆகவே நீங்கள் போங்கள். போகவே கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை, அந்தப் பிள்ளைகளுக்குத் தலை வேண்டும். ஆனால் பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், "இன்னிக்கு மேற்பார்வை யாரு? அவங்க பக்கத்துல நிப்பாங்களா?" என்று சத்தமாகக் கேளுங்கள். டப்பாவைத் திருப்பி நம்பரைப் பாருங்கள். கலர் போட்ட முடி என்றால் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மிஸ் மீட்டிங்கில் இருந்தால் மீட்டிங் முடிகிற வரைக்கும் யாரும் முடியைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளை மனம் நோகும் என்று தயங்காதீர்கள். அவளுக்காகவும்தான் இந்தக் கேள்வி.

ரந்தாவ் பெண் கிளம்பும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டாள். போன வாரம் மெசேஜ் போட்டிருந்தாள். கோர்ஸ் முடியப் போகிறதாம், கோப்புக்கு இன்னும் ஒரு ரிபோண்டிங் படம் குறைகிறதாம், தெரிந்தவர்கள் யாராவது மாடலாக வருவார்களா என்று கேட்டிருந்தாள். "மிஸ் கூட நிக்கிறாங்களான்னு கேட்டுச் சொல்லும்மா, நானே ஆளக் கூட்டிட்டு வர்றேன்" என்று பதில் போட்டேன். கேட்டுப் பார்க்கிறேன் ஆண்ட்டி என்றாள். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாளாம்.