காற்றுக்குத் தண்டமா?

கடலே இல்லாத சின்ன காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு படகு இன்ஜினைப் பற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். பேஷாக எழுதலாம். இங்கே தறியில் பிசகு கண்டால், நெசவாளர் தாம் கடைசியாகப் பிணைத்த இழையைத்தான் முதலில் பார்ப்பார். தறியையே மாற்று என்று யாரும் சொல்வதில்லை.

கடற்கரையிலோ நியாயம் வேறு. மீனவர் தம் கையாலேயே டீசல் பில்டரை மாற்றுகிறார். படகு கிளம்புகிறது, கரை கண்ணுக்கு மறையுமுன் இன்ஜின் நின்றுவிடுகிறது. உடனே தீர்ப்பு: "தெரியாதவன் கை வைத்தான், பம்பு போயிற்று, புதுசு வாங்கு!"

அக்கிரமம்! நேற்றுவரை ஓடிய பம்பு, பில்டர் மாற்றிய அன்றேவா கெடும்? குழாயில் மிச்சமிருந்த டீசல் தீர்ந்து, பின்னால் காற்று வந்திருக்கிறது. டீசலை அழுத்தினால் நாஸில் திறக்கும்; காற்றோ சுருங்கிக்கொண்டு சும்மா கிடக்கும். (1897-இல் ருடால்ப் டீசல் ஓட்டிக் காட்டிய இன்ஜினில் எண்ணெயை உள்ளே ஊதித் தள்ளியதே காற்றுதான், வேடிக்கை!) பில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்றதும் இறுக்க வேண்டும். மறுபடி நின்றால் பழைய வாஷரைப் பாருங்கள். டாங்கிக்கும் பம்புக்கும் நடுவே, டீசல் வெளியே ஒரு சொட்டுக் கசியாமலே காற்று உள்ளே புகும்.

பில்டர் விற்கிறவர்கள் இந்த நாலு வரியைத் தமிழில் அச்சிட்டு டப்பாவில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?