பனங்காடையை யார் எழுதி வைப்பது?

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டின் ஏரிக்கரைகளிலும் வயல்வெளிகளிலும் இருநோக்கியும் கைப்பேசியுமாகப் பலர் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். பிப்ரவரியில் உலகம் முழுவதும் இத்தகைய கணக்கெடுப்பு நான்கு நாட்கள் நடக்கிறது. இதை விடுமுறைப் பொழுதுபோக்கு என்று கருதுபவர்கள், 2023 ஆகஸ்டில் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கையை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். 942 இனங்களை ஆராய்ந்த அந்த அறிக்கை, 178 இனங்களைப் பாதுகாப்பில் உயர் முன்னுரிமைக்கு உரியவை என்று வகைப்படுத்தியது. அதற்கு அடிப்படையாக அமைந்தவை, ஏறத்தாழ 30 ஆயிரம் தன்னார்வலர்கள் பதிந்த 3 கோடிக் குறிப்புகள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கிய 'இ-பேர்ட்' தரவுத்தளத்தில் அவை சேர்ந்திருக்கின்றன.

அந்த அறிக்கையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பனங்காடை. கர்நாடகம், தெலங்கானா, ஒடிசா ஆகிய மூன்று மாநிலங்களின் மாநிலப் பறவை அது. சாலையோர மின்கம்பியில் சாதுவாக அமர்ந்திருக்கும். இறக்கையை விரித்தால்தான் அந்த நீலம் தெரியும். உலக அளவிலான செம்பட்டியலில் அதற்கு ஆபத்து இல்லை என்றே குறிக்கப்பட்டிருந்தது. ஆனால், இந்தியாவில் அது கணிசமாகக் குறைந்துவிட்டதாகக் கண்ட அறிக்கை, செம்பட்டியலில் நிலையை மறுமதிப்பீடு செய்ய வேண்டிய 14 இனங்களுள் அதையும் சேர்த்தது. நாள்தோறும் கண்ணில் படுகிற ஒரு பறவை குறைந்து வருவதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கணக்கு எளிமையானது. ஒரு வட்டாரத்தில் ஒரு பருவத்தில் பதிவான நூறு பட்டியல்களில் எத்தனையில் பனங்காடை இடம்பெற்றிருக்கிறது என்று பார்க்கிறார்கள். முன்பு நாற்பதில் இருந்தது இப்போது இருபத்தைந்தில் மட்டும் இருந்தால், சரிவு தெரிந்துவிடும். ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. பட்டியலில் ஒரு பறவை இல்லையென்றால், அன்று அங்கே அது தென்படவில்லை என்று பொருள்பட வேண்டும். 'தென்பட்டது, ஆனால் எழுதவில்லை' என்ற நிலை இருந்தால் கணக்கே குலைந்துவிடும். அதனால்தான் பட்டியலை அனுப்பும் முன், அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் குறித்தீர்களா என்று இ-பேர்ட் கேட்கிறது. காக்கை, மைனா, தவிட்டுக்குருவி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வழிதவறி வந்த ஏதோ ஒரு வாத்தை மட்டும் பதிந்துவிட்டு 'ஆம்' என்று சொல்வது, ஒன்றும் பதியாமல் இருப்பதைவிடக் கெடுதல்.

எவ்வளவு நேரம் பார்த்தோம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதும் இதே காரணத்தால் முக்கியமாகிறது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று எழுதிய பட்டியல் ஆய்வாளருக்குப் போதும். திருநெல்வேலியிலிருந்து கூந்தன்குளம் வரை வழியெல்லாம் பார்த்ததை ஒரே பட்டியலில் கொட்டி, கூந்தன்குளத்தின் பெயரில் ஏற்றினால், எந்தப் பறவை குளத்தில் இருந்தது, எது பேருந்து நிலையத்தில் இருந்தது என்று யாரால் பிரித்தறிய முடியும்? ஐந்து பேர் சேர்ந்து போனால் ஒருவர் எழுதி மற்றவர்களுடன் பகிர்ந்துகொள்ள அத்தளத்திலேயே வசதி இருக்கிறது. அவரவர் தனித்தனியே ஏற்றினால் ஒரே கூட்டம் ஐந்து கூட்டமாகப் பெருகித் தோன்றும்.

எண்ணிக்கை பலருக்கும் தயக்கம் தருவது. எண்ண முடியாதபோது 'இருந்தது' என்பதற்கு அடையாளமாக ஒரு குறியை இடலாம். அத்தளம் அதை ஏற்கும். ஆனால், 20 ஆயிரம் நீர்ப்பறவைகள் தொடர்ந்து வருவதோ, ஓர் இனத்தொகையில் 1 விழுக்காடு வருவதோ ஓர் ஈரநிலத்துக்கு ராம்சர் தகுதி பெற்றுத் தரும் அளவுகோல்களில் சேர்ந்தவை. வெறும் குறியை வைத்துக்கொண்டு அந்த வாதத்தை யாரும் முன்வைக்க முடியாது. நூறு நூறாகப் பிரித்துத் தோராயமாக எண்ணினாலும் அது ஓர் எண்.

அண்மைக் காலத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் 'மெர்லின்' செயலி அருமையான கருவி. புதியவர்களுக்கு ஆசானாகவே விளங்குகிறது. ஆனால் செயலி ஒரு பெயரைக் காட்டியதும், அந்தப் பறவையைத் தேடிப் பார்க்காமலும் அதன் குரலைத் தன் காதால் உறுதிசெய்யாமலும் பட்டியலில் சேர்ப்பவர்கள் பெருகிவருகிறார்கள். கரிச்சான் பிற பறவைகளைப்போல ஒலி எழுப்பிச் செயலியையும் ஏமாற்றும். அதை அறிந்த ஒரு மனிதர் அங்கே நின்றிருந்தார் என்பதே அந்தப் பதிவுக்கு மதிப்பு.

இத்தகைய பட்டியல்கள் பொதுக்கருத்தையும் திருத்தியிருக்கின்றன. சிட்டுக்குருவி நாடெங்கும் அழிகிறது, கைப்பேசிக் கோபுரங்களே காரணம் என்று ஆண்டுதோறும் மார்ச் 20-இல் படிக்கிறோம். நாடு தழுவிய அளவில் கால் நூற்றாண்டாகச் சிட்டுக்குருவி பெரிதும் நிலையாகவே இருக்கிறது என்றும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் குறைகிறது என்றும் 2020-இல் வெளியான முதல் அறிக்கை காட்டியது. அனுதாபம் முழுவதையும் சிட்டுக்குருவிக்குக் கொடுத்துவிட்டு, பனங்காடையைக் கவனிக்காமல் இருந்திருக்கிறோம்.

பனங்காடை வாழும் இடங்களைக் கவனிக்காததும் இதில் சேரும். திறந்த வெளிகளையும் புல்வெளிகளையும் சார்ந்த பறவைகளே கடுமையாகக் குறைந்து வருகின்றன என்கிறது அறிக்கை. அரசு ஆவணங்களில் அத்தகைய நிலங்கள் பெரும்பாலும் 'தரிசு'. சூரிய மின் பூங்காவுக்கோ தொழிற்பேட்டைக்கோ இடம் தேடும்போது முதலில் கைகாட்டப்படுபவையும் அவையே. நம் ஆர்வலர்களோ வேடந்தாங்கலுக்கும் பள்ளிக்கரணைக்கும் மலைகளுக்கும் போகிறார்கள். முள்வேலமும் பனையும் நிற்கும் வறண்ட வெளியில் பதிவு இல்லை. பதிவு இல்லாத இடம், கோப்பில் பறவை இல்லாத இடமாகிவிடுகிறது.

கேரளம் இதற்கு ஒரு வழி கண்டது. மாநிலத்தையே கட்டங்களாகப் பிரித்து, எங்கே போக வேண்டும் என்பதைப் பார்வையாளரின் விருப்பத்துக்கு விடாமல் முன்கூட்டியே தீர்மானித்து, 2015 முதல் 2020 வரை ஆண்டுக்கு இரு பருவங்களில் தன்னார்வலர்கள் கணக்கெடுத்தார்கள். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளுடன் கேரளப் பறவை வரைபடத் தொகுப்பு உருவானது. தமிழ்நாடு பரப்பில் மூன்று மடங்குக்கும் மேல் பெரியது. பணியும் அவ்வளவு பெரிது. ஆயினும் மாவட்டந்தோறும் கல்லூரிகள் இருக்கின்றன. விலங்கியல் துறை மாணவர்கள் மாதம் ஒருமுறை ஒரே புறம்போக்கு நிலத்தில் கால் மணி நேரம் நின்று எழுதினால், ஐந்தாண்டுகளில் அந்த நிலத்துக்கென்று ஒரு வரலாறு இருக்கும். வனத்துறை கோருவதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

முன்காலம் குறித்த தரவுதான் எல்லாவற்றிலும் மெலிந்திருக்கிறது. நீண்டகால மாற்றத்தை 2000-க்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டே அளக்கிறார்கள். அக்காலப் பட்டியல்கள் சொற்பம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வன அலுவலர்களும் எழுதி வைத்த பழைய நோட்டுகள் இன்னும் வீடுகளில் கிடக்கின்றன. நாளும் இடமும் தெளிவாக இருந்தால், அவற்றை அந்தந்தத் தேதியிலேயே இ-பேர்டில் ஏற்றலாம். 1985-இல் கோவில்பட்டிப் பக்கம் ஒரு காலைப்பொழுதில் எத்தனை பனங்காடைகள் இருந்தன என்பதற்கு அத்தகைய ஒரு நோட்டைத் தவிர வேறு சாட்சி கிடைக்காது. கரையான் முந்திக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.